போமட் செய்யச் சொல்லுமுன்

மடிக்கணினி நடுவில் நின்றுபோகிறது என்று மாத்தளை நகரிலோ ரத்தோட்டையிலோ கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "போமட் பண்ணினால் சரி." தோட்டத்து வீடுகளில் உயர்தரப் பிள்ளைக்காகச் சீட்டுப் பணத்தில் வாங்கிய ஒரே கணினி அது. தலையாட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போமட் செய்யும்போது, என்ன பழுது என்று கணினியே எழுதிவைத்த சாட்சியமும் அழிந்துபோகும்.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலும், வன்தட்டு, வைஃபை, திரை போன்றவற்றை இயக்கும் டிரைவர்களும் தடுமாறும்போது பெரும்பாலும் 'லொக்' எனப்படும் பதிவேட்டில் குறிப்பு விழுகிறது. விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லொக்ஸ்' என்பதில் 'சிஸ்டம்' பகுதியைப் பாருங்கள். 'கேர்னல்-பவர்' 41 என்றிருந்தால், கணினி ஒழுங்காக மூடப்படாமல் அணைந்திருக்கிறது. மின்வெட்டோ பழுதான சார்ஜரோ காரணமாகலாம். 'டிஸ்க்' 7 என்றால் வன்தட்டிலேயே பழுதான பகுதி இருக்கிறது. அதை போமட் குணப்படுத்தாது. முதலில் பாடக்குறிப்புகளையும் படங்களையும் வேறிடத்தில் பிரதியெடுங்கள். 'சிஸ்டம்' மீது வலது சொடுக்கி லொக்கை ஒரு பென்டிரைவில் சேமியுங்கள். லினக்ஸில் டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளை காட்டுவது இப்போதைய ஓட்டத்தின் குறிப்புகளை மட்டுமே, ஆகவே மீளத் தொடங்குமுன் சேமிக்க வேண்டும்.

டிரைவர் பழுதை இலேசாக எண்ணக்கூடாது. பல டிரைவர்கள் கேர்னலின் அதிகாரத்தோடு ஓடுகின்றன. 2024 ஜூலை 19இல் குரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் டிரைவருக்கு வந்த ஒரு பிழையான கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கியதும் பல கணினிகள் எழுந்தன, போமட் தேவைப்படவில்லை. 2020இல் 'ரொபின்ஹூட்' கப்பமென்பொருளை ஏவியவர்கள், முறையாகக் கையொப்பமிட்ட பழைய கிகாபைட் டிரைவர் ஒன்றின் ஓட்டை வழியே பாதுகாப்பு மென்பொருளை முடக்கினார்கள். ஆகவே யாரோ தரும் 'டிரைவர் பெக்' வேண்டாம். கணினி தயாரித்த நிறுவனத்தின் தளமோ விண்டோஸ் அப்டேட்டோ போதும்.

லொக்கில் கணினியின் பெயரும் பாகங்களின் தொடரிலக்கங்களும் இருக்கக்கூடும். முழுவதையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்.

கடையில் ஒப்படைக்கும்போது வன்தட்டு, ரேம் ஆகியவற்றின் தொடரிலக்கங்களை வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தாக வேண்டும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வதும் கடைக்காரரின் பொறுப்பு. உங்கள் கோப்புகளை அனுமதியின்றித் துழாவினால், அதற்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

பழுதான பொருளை விற்றுவிட்டு, அல்லது திருத்தாமலே பணம் வாங்கிவிட்டுக் கைவிரித்தால், அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. விற்பனையோ சேவையோ நடந்து 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும் என்பதால், கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடிக்க விடாதீர்கள். விசாரணையின் பின் நட்டஈடோ மாற்றுப்பொருளோ பணமோ தரும்படி சபை உத்தரவிடலாம். விபரத்துக்கு 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். முறைப்பாட்டோடு பற்றுச்சீட்டு, வேலைச்சீட்டு, திகதி தெரியும்படி அச்சிட்ட லொக் பக்கம் மூன்றின் பிரதிகளையும் இணையுங்கள். மூலப்பிரதிகளை வீட்டிலேயே வைத்திருங்கள்.