பயணத்தில் நம் செவிகள்

எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாதையில் ஒரு தேர் சென்றுகொண்டிருந்தது. அதில் அமர்ந்திருந்த எத்தியோப்பிய நாட்டு அலுவலர், இறைவாக்கினர் எசாயாவின் நூலை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல், தேரை நோக்கி ஓடிவந்த பிலிப்புவின் செவியில் விழுந்தது. அலுவலர் அழைக்க, பிலிப்பு தேரில் ஏறி அவரருகே அமர்ந்தார். வழியில் தண்ணீர் கண்ட இடத்திலேயே அலுவலர் திருமுழுக்குப் பெற்றார். திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் கூறும் இந்நிகழ்வில், ஒரு வாகனத்தில் ஒலித்த குரலே மீட்பின் வாயிலாயிற்று.

நம் வாகனங்களில் இன்று ஒலிப்பது எது? அதைக் கேட்பவர் யார்?

பருத்தித்துறை மக்களுக்குக் கேட்டலின் அருமை தெரியும். 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் மின்கலங்களும் கிடைப்பது அரிதாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி பேசியது, கசற் பாடியது. மிதிப்பவர் களைத்தால் பாட்டும் நின்றது. ஒருவருடைய உழைப்பில் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் அக்காலத்துக்குரியதே. 2018இல் அதன் சிற்றலைச் சேவை நிறைவுற்று, இணையத்துக்கு மாறியது.

இன்று யாழ்ப்பாணம் செல்லும் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் வீதியில் நமக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை. கசற்றும் இறுவட்டும் போய், கையடக்கத் தொலைபேசியிலிருந்தே ஆயிரம் பாடல்கள் காரில் ஒலிக்கின்றன. ஆனால் தந்தை ஒன்றைக் கேட்கிறார். மகன் தன் காதுகளை அடைத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்கிறான். பின்னிருக்கையில் அப்பம்மா வல்லை வெளியைப் பார்த்தபடி மௌனமாயிருக்கிறார். ஓசை பெருகிற்று, கேட்டல் குறைந்தது.

பக்திப் பாடலைப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணலாமா? மிலான் நகர ஆலயத்தில் இறைமக்கள் பாடக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர் புனித அகுஸ்தினார். அவரே, பாடலின் பொருளைவிட அதன் இனிமை தம் உள்ளத்தை அதிகம் ஈர்த்தபோது, அதைக் குற்றமாகக் கருதி இறைவனிடம் அறிக்கையிட்டார். ஆயினும் திருச்சபையில் பாடல் வேண்டும் என்றே முடிவுசெய்தார். தளர்ந்த உள்ளங்களை அது உயர்த்துகிறது என்றார். மாதாவின் பாடல் ஒலிக்க, அதன்மேல் அயலவரைப் பற்றிய புறங்கூறலும் ஒலிக்குமானால், நாம் எதைக் கேட்கிறோம்?

இந்த வாரம் இவற்றை முயன்று பார்க்கலாம். பாடலைத் தெரிவுசெய்யும் உரிமையை ஒருநாள் மூத்தவருக்கும், மறுநாள் இளையவருக்கும் வழங்குங்கள். பிள்ளை விரும்புவது திரைப்பாடலாயினும் கடிந்துகொள்ளாமல், "இதில் உனக்குப் பிடித்தது எது?" என்று கேளுங்கள். ஐந்து பத்து மணிகள் கொண்ட செபமாலைக்கு ஏறத்தாழ இருபது நிமிடங்கள் போதும். மடுத் திருப்பதிக்கு வானில் செல்லும்போது கருவியை நிறுத்திவிட்டு, நீங்களே சேர்ந்து பாடுங்கள். 1990இல் மூடப்பட்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல் திறந்த ஏ-9 பாதையில் குடும்பமாய்ப் பயணிப்பதே ஒரு கொடை அன்றோ!

ஆலயத்தையோ துக்க வீட்டையோ நெருங்கும்போது, கடைசிச் சில நிமிடங்களை மௌனத்துக்கு விட்டுவிடுங்கள். எலியாவுக்கு ஆண்டவர் பெருங்காற்றிலோ, நிலநடுக்கத்திலோ, தீயிலோ தம்மை வெளிப்படுத்தவில்லை. அவற்றின் பின் வந்த மெல்லிய ஒலியிலேயே எலியா அவரை உணர்ந்தார். அருகில் அமர்ந்திருப்பவரின் குரலைக் கேட்கப் பழகிய செவியே அந்த மெல்லிய ஒலியையும் கேட்கும். அத்தகைய செவிகளை நம் குடும்பங்களுக்குத் தருமாறு இறைவனை வேண்டுவோம்.