மூச்சை இழுக்கச் சொல்வது யார்?

நீச்சல் குளத்தில் நண்பர்கள் கூடிவிட்டால் ஒரு போட்டி தானாகவே தொடங்கிவிடும். நீருக்கடியில் அதிக நேரம் மூச்சடக்கி இருப்பவர் யார் என்பதே அந்தப் போட்டி. சிலர் மூழ்குவதற்குமுன் வேகவேகமாகப் பத்து, இருபது முறை மூச்சை இழுத்து விடுவார்கள். கேட்டால், உயிர்வளியை நிறையச் சேமித்துக்கொள்கிறோம் என்பார்கள். இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், உடலின் கணக்கு வேறு.

மூச்சை அடக்கிய சிறிது நேரத்தில் நெஞ்சு இறுகுகிறது. இனி முடியாது என்ற தவிப்பு எழுகிறது. உயிர்வளி தீர்ந்துவிட்டதால்தான் இந்தத் தவிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், நாம் உள்ளிழுக்கும் காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 21 விழுக்காடு. வெளிவிடும் காற்றிலும் 16 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. (மூச்சு நின்றவருக்கு நம் வாயால் காற்றை ஊதி உதவ முடிவது இதனால்தான்.) கரிவளியின் நிலையோ வேறு. உள்ளே செல்லும் காற்றில் அது 0.04 விழுக்காடு மட்டுமே. வெளிவரும் காற்றில் ஏறத்தாழ 4 விழுக்காடு. அதாவது, நூறு மடங்கு!

உயிரணுக்கள் உணவை ஆற்றலாக மாற்றும்போது கரிவளி உண்டாகிறது. அது நீருடன் சேர்ந்தால் மெல்லிய அமிலமாகும். சோடா பானத்தின் சுறுசுறுப்பான சுவைக்குக் காரணமும் இதே அமிலம்தான். மூச்சை அடக்கும்போது கரிவளி இரத்தத்தில் பெருகுகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீர்மத்தின் அமிலத்தன்மையும் கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள நரம்பணுக்கள் இந்தச் சிறு மாற்றத்தையும் உடனே உணர்ந்துவிடும். உடனே அங்கிருந்து கட்டளை புறப்பட்டு, கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள் வழியாக உதரவிதானத்தை அடைகிறது. உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, நுரையீரலுக்குள் காற்று நுழைகிறது. கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் கடுமையாகக் காயமுற்றால் மூச்சே நின்றுவிடக்கூடும் என்பதற்கும் இந்தப் பாதையே காரணம்.

இயல்பான சுவாசத்தை ஆள்வது கரிவளியே என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன், ஜான் பிரீஸ்ட்லி என்னும் இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1905ஆம் ஆண்டில் விளக்கினர். ஹால்டேன் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர். காற்றுப் புகாத அறைக்குள் அடைபட்டு, தம் மூச்சு எப்படி மாறுகிறது என்று கவனித்த துணிச்சல்காரர் அவர். நாம் அப்படிச் செய்யத் தேவையில்லை!

அப்படியென்றால் உயிர்வளி குறைவதை உடல் கவனிப்பதே இல்லையா? கவனிக்கிறது. கழுத்துத் தமனிகளின் அருகே அதற்கான சிறு உணர்வு உறுப்புகள் உள்ளன. ஆனால், இரத்தத்தில் உயிர்வளி வெகுவாகக் குறைந்த பிறகுதான் அவை உரத்துக் குரல் கொடுக்கும். கரிவளியும் குறைவாக இருந்தால் அந்தக் குரல் மேலும் மங்கிவிடும். ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான்.

இனி, வேகவேகமாக மூச்சு விட்ட நண்பரிடம் திரும்புவோம். அவர் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 அல்லது 98 விழுக்காடு உயிர்வளியைச் சுமந்துகொண்டிருக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் எவ்வளவு நீரை ஊற்ற முடியும்? ஆகவே, அவர் சேமித்த உயிர்வளி மிகச் சொற்பம். ஆனால், வெளியேற்றிய கரிவளியோ மிக அதிகம். அதன் அளவு பாதியாகக்கூடக் குறையலாம். கரிவளி குறைந்ததும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை இலேசாகச் சுற்றுகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருவதால் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். உயிர்வளி நிரம்பிவிட்டதன் அறிகுறி இது என்று அவர் மகிழக்கூடும். உண்மையில், தம் எச்சரிக்கை மணியை அவரே கழற்றி வைத்துவிட்டார்.

நீருக்கடியில் தசைகள் உயிர்வளியைத் தொடர்ந்து செலவிடுகின்றன. கரிவளியோ மணியை ஒலிக்கச் செய்யும் அளவை இன்னும் எட்டவில்லை. தவிப்பு இல்லை, மேலே வரத் தோன்றவும் இல்லை. அந்த நிலையிலேயே மூளைக்கு உயிர்வளி போதாமல் நினைவு தப்பிவிடுகிறது. பின்னர், உடல் தானாக மூச்சை இழுக்கும்போது உள்ளே போவது காற்றன்று, நீர். நன்கு நீந்தத் தெரிந்தவருக்கும், இடுப்பளவு ஆழத்திலும் இது நேரலாம். கையை உதறித் தத்தளிப்பதோ கூச்சலிடுவதோ இருக்காது. கரையில் நிற்பவர்கள் அவர் வென்றுகொண்டிருக்கிறார் என்று எண்ணி, நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நீருக்கடியில் ஒருவர் அசையாமல் இருந்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு உதவிக்குக் குரல் கொடுங்கள், உயிர்காப்பாளரை அழையுங்கள். அவரை உடனே மேலே கொண்டுவர வேண்டும். உயிர்வளி கிடைக்காத மூளை சில நிமிடங்களிலேயே பாதிப்படையத் தொடங்கிவிடும்.