15,720-ஆ, 2,15,720-ஆ? ஏலமலையின் வரலாற்றுப் பாடம்

உடும்பஞ்சோலையில் பத்தாம் வகுப்பு படிக்கும் தமிழ்வழி மாணவர் கையில் இருப்பதும் திருவனந்தபுரத்து மாணவர் கையில் இருப்பதும் ஒரே சமூக அறிவியல் பாடநூல்தான், மொழிதான் வேறு. அதில் குற்றமில்லை. பிரெஞ்சுப் புரட்சியை ஏலத்தோட்டத்துப் பிள்ளையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அது இப்படித்தான் நடந்தது என்று எதை வைத்து நம்புகிறோம் என்ற கேள்விக்கு வகுப்பறையில் இடம் குறைவு. பாரிஸ் ஆவணங்களைக் கொண்டு அந்தக் கேள்வியைப் பழக்குவது கடினம். உள்ளூர் ஆவணத்தைக் கொண்டு பழக்கலாம்; உடும்பஞ்சோலை இருக்கும் இடுக்கி ஏலமலைக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது.

1897-இல் திருவிதாங்கூர் அரசு ஏலமலையைக் காப்புக் காடாக அறிவித்தது. எத்தனை ஏக்கரை? 15,720 என்கிறது கேரள அரசு. 2,15,720 என்கிறார்கள் வழக்குத் தொடுத்த சூழலியல் அமைப்பினர். முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதில் பல ஊர்களின் தலையெழுத்தே தொங்குகிறது. நிலம் வருவாய்த் துறைக்கு, அதன் மேல் நிற்கும் மரம் வனத்துறைக்கு என்ற இரட்டை ஆளுகை வேறு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இங்கே புதிதாகப் பட்டா வழங்க இடைக்காலத் தடை விதித்தது. வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது. கையில் இருப்பது மூலமா, நகலா? நகல் என்றால் யார், எப்போது, எதற்காக எடுத்தது? அறிவிப்பு சொல்லும் எல்லைகளை வரைபடத்தில் குறித்தால் எந்தப் பரப்பு வருகிறது? அதே காலத்து வேறு அரசுப் பதிவுகள் என்ன சொல்கின்றன? வரலாற்றாய்வாளர் கேட்பதும் இவற்றைத்தான்.

கோர்ட்டில் கிடக்கும் விவகாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். இதைவிடச் சூடான, 1956 மாநில மறுசீரமைப்பின் எல்லைப் பிரச்சினையைத் தொட்டால் மொழிச் சண்டை மூளாதா என்றும் கேட்பார்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழரே பெரும்பான்மை, எனவே அவை சென்னை மாநிலத்துக்கே என்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தோட்டத் தொழிலாளரில் பலர் வந்துபோகிறவர்கள் என்று கருதிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. நெடுங்கண்டம் பக்கம், 1950-களில் அரசுக் குடியேற்றத்தைத் தொடங்கிய திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை பெயரால் இன்றும் 'பட்டம் காலனி' இருக்கிறது. அந்தக் குடியேற்றம் உணவுப் பஞ்சத்துக்கு மருந்தா, மொழிக் கணக்கை மாற்றும் உத்தியா என்ற வாதமும் ஓயவில்லை. பள்ளி வாய்மூடி இருந்தால் பிள்ளைக்கு வீட்டில் கேட்ட ஒரு தரப்பு மட்டுமே மிஞ்சும். அது தமிழ் வீடானாலும் சரி, மலையாள வீடானாலும் சரி. தீர்ப்புச் சொல்வது ஆசிரியர் வேலையல்ல. 'குடியிருப்பவர்' என்று ஆணையம் யாரைக் கணக்கில் கொண்டது என்று கேட்க வைத்தால் போதும்.

எஸ்.எஸ்.எல்.சி. நெருங்கும்போது நேரம் ஏது என்பது நியாயமான முறையீடு. ஆனால் இதற்கு இரண்டு பீரியட் போதும். உண்மையான முட்டுக்கட்டை வேறு. பழைய அரசாணைகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் உள்ளன. அவற்றைத் தமிழாக்குவதை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. பாடநூலைத் தமிழில் தயாரிக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்துக்கு நான்கு பக்க இணைப்பு ஒரு சுமையல்ல. அதிலிருந்து தேர்வில் ஒரு கேள்வியாவது வர வேண்டும். மதிப்பெண் இல்லாத இணைப்பை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.