விமானி பயிற்சிக்கான தேர்வு நாள்: பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடித்ததும் "பைலட் ஆகணும்" என்று சொல்லும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இப்போது இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இது பல லட்சங்கள் செலவாகும் படிப்பு. வீட்டையோ நகையையோ விற்று, அல்லது வட்டிக் கடனில் சிக்கிப் பணம் கட்டிய பிறகு "இவருக்கு இது ஒத்துவராது" என்று தெரிந்தால் குடும்பமே முடங்கிவிடும். பணம் கட்டும் முன்பே அதைச் சொல்லிவிடுவதுதான் தேர்வு நாளின் பயன்.

உத்தரப்பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 17 வயது நிறைந்து, பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், ஆங்கிலம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல், விமானி திறனறித் தேர்வு என்று படிப்படியாக வடிகட்டுகிறார்கள். மதிப்பெண், உயரம் போன்ற நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை

பலர் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம். கண்ணாடி அணிந்தவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். ஆனால் நிறப் பார்வைக் குறைபாடு கண்ணாடியால் தீராது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே உள்ளூர் கண் மருத்துவரிடம் சோதித்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வு

கேள்விகள் பிளஸ் டூ தரத்தில்தான் இருக்கும்: ஆங்கிலம், கணிதம், இயற்பியல், தர்க்கத் திறன், பொது அறிவு. புதிய புத்தகங்களைக் குவிப்பதைவிட, பள்ளிப் பாடத்தை நேரம் வைத்துத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே பலன் தரும்.

திறனறித் தேர்வு

கணினி முன் உட்கார்ந்து, ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்திக்கொண்டே காதில் விழும் எண்களை நினைவில் வைப்பது போன்ற பயிற்சிகள் இதில் வரும். ஒரே நேரத்தில் பல வேலைகள் வரும்போது பதறாமல் இருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். ஒன்றில் தவறினால் அதையே நினைத்து நிற்காமல் அடுத்ததைத் தொடர வேண்டும்.

மனக்கணக்கைத் தினமும் பழகுங்கள். மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் 25 நிமிடத்தில் எவ்வளவு தூரம்? நிமிடத்துக்கு 2 மைல், ஆக 50. திசை 070-இல் செல்லும் விமானம் வலப்புறம் 120 பாகை திரும்பினால்? 190. அதே 070-க்கு நேர் எதிர்த் திசை? 180-ஐக் கூட்டினால் 250. காகிதம் இல்லாமல் இவை வர வேண்டும்.

நேர்காணல்

"ஏன் விமானி ஆக விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி அநேகமாக நிச்சயம். மனப்பாடப் பதில் உடனே தெரிந்துவிடும். விமானத்தில் செயல்படும் நான்கு விசைகள் எவை, வணிக உரிமத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் (இந்தியாவில் 200) போன்ற அடிப்படைகள் தெரிந்திருக்கட்டும். தெரியாததைத் "தெரியாது சார்" என்று சொல்வது குறையல்ல. விமானி அறையில் ஊகித்துச் சமாளிப்பதுதான் ஆபத்து.

தமிழ் வழியில் படித்தவர்கள் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு ஆங்கிலம் பேசிப் பழகுங்கள். அலங்கார ஆங்கிலம் வேண்டாம், தெளிவு போதும்.

பெற்றோர் கவனத்திற்கு

மூலச் சான்றிதழ்கள், நகல்கள், புகைப்படங்களை முதல் நாளே கோப்பில் எடுத்து வையுங்கள். தேர்வு நடக்கும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். இரவெல்லாம் படிக்க விடாதீர்கள். தூக்கம் கெட்டால் முதலில் குறைவது கவனம்தான்.

எந்தச் சோதனையும் வைக்காமல், "பணம் கட்டுங்கள், உரிமம் நிச்சயம், வேலையும் நிச்சயம்" என்று சொல்லும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். உரிமம் பெற்ற பிறகும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான தனிப் பயிற்சிக்குப் பெரும்பாலும் மேலும் செலவாகும். வேலை உடனே கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

தேர்வாகாவிட்டால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். எந்தப் பகுதியில் பின்தங்கினார் என்று பார்த்து மறுமுறை முயலலாம். விமானப் பராமரிப்புப் பொறியியல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று இதே துறையில் வேறு வாசல்களும் திறந்தே இருக்கின்றன.