புளியோதரை இல்லாத ஞாயிற்றுக்கிழமை

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் கோயிலில் வழக்கமாகக் கிடைக்கும் புளியோதரைக்குப் பதிலாக அன்று வெண்பொங்கல். அதைக் கண்டதும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தரையில் விழுந்து கதறினான். இருபது நிமிடம் அடங்கவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்றார். அது தாயின் காதில் விழுந்தது. காரில் ஏறும்போது, "இனிமேல் இவனை எங்கேயும் அழைத்து வரப்போவதில்லை, டாக்டர்" என்றார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தக் குழந்தைக்கு ஆட்டிஸம். அவன் அழுதது சாதத்துக்காக அல்ல. எல்லாம் போன வாரம்போலவே நடக்கும் என்ற நம்பிக்கை உடைந்ததற்காக. 1943-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் டாக்டர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எதுவும் மாறக்கூடாது என்ற இந்தத் தவிப்பை முக்கிய லட்சணமாகக் குறித்தார். "என்ன நடக்குமோ" என்ற நிலையைத் தாங்க முடியாமைக்கும் இக்குழந்தைகளின் பதற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ராட்ஜர்ஸ் குழுவினர் இதற்கென்றே பெற்றோருக்கு ஒரு பயிற்சி முறையை வகுத்திருக்கிறார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். பல வருஷங்கள் நான் பெற்றோரிடம், "அன்றாட ஒழுங்கை மாற்றாதீர்கள்" என்று மட்டுமே சொல்லி வந்தேன். ஒழுங்கு அவசியந்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் குழந்தையின் உலகம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கும். நியூ ஜெர்ஸியில் ஜனவரி மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வரும்: பனி காரணமாகப் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம். அதை எந்தத் தாயால் தடுக்க முடியும்? நிச்சயமின்மையை நீக்க முடியாது. சிறிது சிறிதாகப் பழக்கத்தான் முடியும்.

எப்படிப் பழக்குவது?

முதலில், அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள். அது பழகியபின், நடுவில் ஒரு கேள்விக்குறி அட்டையைச் சேருங்கள். "இந்த நேரத்தில் ஏதோ ஒன்று புதிதாக நடக்கும்" என்று அதற்கு அர்த்தம். ஆரம்பத்தில் அது இனிமையான புதுமையாகவே இருக்கட்டும்: ஐஸ்கிரீம், பூங்கா. பிறகு சாதாரண மாற்றம்: வேறு வழியாக வீடு திரும்புதல். கடைசியில்தான் சற்றுப் பிடிக்காத மாற்றம். ஒவ்வொரு முறையும், அவன் சமாளித்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

இரண்டாவது, நம் பேச்சு. "அப்புறம் பார்க்கலாம்", "இதோ வந்துவிடுவேன்" என்கிறோம். இந்தக் குழந்தைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "மழை இல்லாவிட்டால் பூங்கா; மழை வந்தால் வீட்டில் லெகோ" என்று இரண்டு வழியையும் சொல்லுங்கள். அவன் ஐம்பது முறை கேட்டால் ஐம்பது முறை பதில் சொல்லவேண்டாம். ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த முறை அட்டையைக் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பதற்றம் திடீரென்று அதிகமானால் முதலில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் உண்டா என்று டாக்டரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைகள் பலர்.

கானர் முதலில் விவரித்த குழந்தை மிஸிஸிப்பி மாநிலம் ஃபாரஸ்ட் என்ற ஊரின் டொனால்ட் டிரிப்லெட். 1938-ல் கானரிடம் வந்தபோது வயது ஐந்து. தாயார் குறிப்பிட்ட வாக்கியத்தை அப்படியே சொன்னால்தான் கட்டிலைவிட்டு இறங்குவான். பின்னர் ஒரு விவசாயத் தம்பதியிடம் சில வருஷம் வளர்ந்தான். ஓயாமல் அளந்துகொண்டிருந்தவனை அவர்கள் அதட்டவில்லை. கிணறு வெட்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார்கள். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, உழுதுகொண்டே எண்ணச் செய்தார்கள். அவனுடைய பழக்கமே புது வேலைக்குப் பாலமாயிற்று. டொனால்ட் பட்டம் பெற்று, ஊர் வங்கியில் வேலை பார்த்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தனியே சுற்றி, 2023-ல் 89-வது வயதில் காலமானார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. பாலம் போடலாம் என்கிறேன். கேள்விக்குறி அட்டையும் அத்தகையதே: அட்டவணையை நேசிக்கும் குழந்தைக்கு, மாற்றத்தையே அட்டவணையில் எழுதிக் கொடுக்கிறோம்.

அமெரிக்காவில் 2022-ல் எட்டு வயதினரிடையே எடுத்த கணக்கில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிஸம். நம்மவர் வீடுகளிலும் உண்டு, வெளியே சொல்வதில்லை. புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு தகவல்: மூன்று வயது முதல் 21 வரை இவர்களுக்குத் தகுந்த கல்வியைப் பொதுப்பள்ளி இலவசமாகத் தரவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். மாற்றங்களைச் சமாளிக்கும் பயிற்சியையும் அந்தக் கல்வித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான்கு மாதம் கழித்து அந்தச் சிறுவன் மறுபடி வந்தான். அன்று சர்க்கரைப் பொங்கல். முகம் சுருங்கியது. தாயார் கைப்பையிலிருந்து கேள்விக்குறி அட்டையை எடுத்துக் காட்டினார். "இன்னிக்கு வேற" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொண்டுவந்திருந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டான்.

பிரசாதம் வழங்கும் தொண்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: அன்றைய பிரசாதம் இன்னதென்று வாசலில் எழுதி வையுங்கள். மற்றவர்களுக்கு: அடுத்த முறை ஒரு குழந்தை கதறினால் கூடி நின்று பார்க்காமல் சற்று விலகி இடம் கொடுங்கள். அந்தக் குடும்பம் அடுத்த வாரமும் வரட்டும்.