அலுமினியம் காலி செய்த இடம்

நல்ல மைசூர்பாகைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே துளை துளையாக இருக்கும். கொதிக்கும் நெய்யை ஊற்றும்போது பாகு நுரைத்துப் பொங்குவதால் வரும் துளைகள் அவை. டைட்டானியத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தும் இப்படி ஒரு கட்டி செய்கிறார்கள். அதில் நெய்யும் இல்லை, நுரையும் இல்லை. தான் இருந்த இடத்தைக் காலி செய்து, அலுமினியமே துளை போட்டுவிடுகிறது.

இரண்டு உலோகங்களையும் அணுவுக்கு அணு சரிபாதியாகக் கலந்து சூடாக்கினால் கிடைப்பது டைட்டானியம் அலுமினைடு. பித்தளை போன்ற சாதாரணக் கலவை இல்லை இது; இரண்டு வகை அணுக்களும் அடுக்கு மாறாமல் வரிசையாக நிற்கும் சேர்மம். எடை, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம். சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவைகளில் ஏறக்குறைய பாதி. போயிங் 787 விமானத்துக்கான ஜிஇஎன்எக்ஸ் இன்ஜினில் சில டர்பைன் இதழ்கள் இதனால் ஆனவை. ஆனால் அவை துளையில்லாத, இறுகிய வார்ப்புகள். இதன் பெரிய குறை, சாதாரண வெப்பத்தில் இழுத்தால் நீளாமல் சட்டென்று முறிந்துவிடும்.

இனி துளைக்கு வருவோம். எடைக் கணக்கில் 64 பங்கு டைட்டானியப் பொடி, 36 பங்கு அலுமினியப் பொடி. எடையில்தான் இந்த வித்தியாசம். அலுமினியம் லேசானது என்பதால் இட அளவில் கிட்டத்தட்ட பாதியை அது பிடித்துக்கொள்ளும். கலவையை அச்சில் அழுத்தி வில்லையாக்கி, காற்று புகாத உலையில், வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ வைக்கிறார்கள். சூடான டைட்டானியம் ஆக்சிஜனைக் கண்டால் விடாது, இழுத்துக்கொண்டு எளிதில் முறியும் தன்மைக்கு மாறிவிடும்.

அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அதற்குச் சற்றுக் கீழே, 600 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். அப்போது அலுமினிய அணுக்கள் பக்கத்து டைட்டானியத் துகளுக்குள் வேகமாக நுழைகின்றன. எதிர்த்திசையில் டைட்டானியம் அந்த வேகத்தில் வருவதில்லை. போனதற்கு ஈடாக வராததால் அலுமினியத் துகள் இருந்த இடம் வெற்றிடமாகிறது. பொதுவாகப் பொடியை அழுத்திச் சுட்டால் வில்லை சுருங்கும், இது உப்பும். பிறகு 1,200 டிகிரிக்கு மேல் ஏற்றினால் உள்ளே அணுக்கள் பரவிச் சமமாகி, துளைகளைச் சுற்றியுள்ள எலும்புக்கூடு உறுதிப்படுகிறது. துளை எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அதற்கேற்ற அலுமினியப் பொடியைத் தேர்ந்தால் போதும்.

அணுக்கள் இப்படி வேறு வேறு வேகத்தில் இடம் மாறும் என்பதை 1947இல் எர்னஸ்ட் கிர்க்கெண்டாலும் ஸ்மிகெல்ஸ்காஸும் காட்டினார்கள். பித்தளைக் கட்டியின் மேல் மாலிப்டினம் கம்பிகளை வைத்துச் செம்பால் மூடிச் சூடாக்கினார்கள். பித்தளையிலிருந்த துத்தநாகம் வேகமாக வெளியேற, கம்பிகள் உள்நோக்கி நகர்ந்திருந்தன. அன்றைய பெரிய உலோகவியலாளர்கள் சிலர் முதலில் நம்பவே இல்லை. இந்த விளைவால் வரும் துளையை உலோகக்காரர்கள் பெரும்பாலும் கோளாறாகத்தான் பார்ப்பார்கள். இங்கே அதற்குத்தான் இவ்வளவு பாடு.

அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் அலுமினியம் உருகி, வினை ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். வில்லை வெடித்தோ கோணியோ போகும். இன்னும் பெரிய துளைகள் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: பொடியோடு யூரியா மணிகளைக் கலந்து அழுத்தி, பிறகு தண்ணீரில் கரைத்து எடுத்துவிடலாம். செங்கல் மண்ணில் உமியைக் கலந்து சுடுவதும் இதே யோசனைதான். அங்கே உமி எரிந்து இடம் விடுகிறது.

இந்த எலும்புக்கூட்டின் துளைகளுக்குள் உருகிய மெக்னீசியத்தை அழுத்தத்தால் புகுத்தினால் கலப்புப் பொருள் தயார். சேர்மம் விறைப்பைத் தருகிறது; மெக்னீசியம் வளைந்துகொடுக்கிறது. பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.8 கிராம்தான் வரும். வெறும் அலுமினியத்தின் எடையே 2.7.

எல்லாத் துளையும் உதவாது என்பதுதான் சிக்கல். வெளியோடு தொடர்புள்ள துளைக்குள் மட்டுமே உலோகம் போகும்; மூடிய துளை கடைசிவரை காலியாகவே கிடக்கும். அதனால் திறந்த துளை எவ்வளவு என்று அறிய, வார்ப்பதற்கு முன் கட்டியை உலர்ந்த நிலையில் ஒருமுறை, துளைகளில் நீர் ஏற்றி ஒருமுறை, நீரில் தொங்கவிட்டு ஒருமுறை என்று எடை போட்டுப் பார்க்கிறார்கள். வடிகட்டியாக இந்தத் துளைக்கட்டி இப்போதே நன்றாக உழைக்கும். விமானப் பாகமாக அது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட மேசையில்தான் இருக்கிறது.