பிடித்த பாடமும் பிடிக்காத பாடமும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் வீடுதோறும் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டால், "அறிவியல் இவனுக்கு ஒத்துவராது" என்று அன்றே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. கல்விக்கடன் குறித்து விசாரிக்க வங்கிக்கு வரும் பெற்றோர் பலரிடமும் இத்தயக்கத்தைக் காண்கிறோம். அறிவியலறிஞர் சிலரின் மாணவப் பருவம் இதற்கு என்ன விடை கூறுகிறது?

இங்கிலாந்தின் ஜான் கர்டன், ஈட்டன் பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 மாணவர்களுள் கடைசியாக வந்தவர். அவர் அறிவியலறிஞராக விரும்புவது நகைப்புக்குரியது என்று 1949-ஆம் ஆண்டு ஆசிரியர் அறிக்கை எழுதினார். அதே கர்டன் பின்னர் ஆக்ஸ்போர்டில் விலங்கியல் பயின்று, 2012-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த அறிக்கையைச் சட்டமிட்டுப் பாதுகாத்தும் வந்தார்.

சார்லஸ் டார்வினுக்குப் பள்ளியில் கற்பித்த பழைய மொழிகள் கசந்தன. வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அண்ணனுடன் செய்த வேதியியல் சோதனைகளே இனித்தன. வீண்வேலை என்று தலைமையாசிரியர் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார்.

பிடிக்காத பாடத்தைப் புறக்கணித்தால் இழப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. கணிதத்தை இன்னும் சற்று ஆழ்ந்து கற்காமல் போனோமே என்று டார்வின் பிற்காலத்தில் வருந்தினார். 1895-இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் ஐன்ஸ்டைன் கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கியும், ஏனைய பாடங்களால் தேறவில்லை. மேலும் ஓராண்டு பள்ளியில் படிக்க நேர்ந்தது. நம் இராமானுஜன் கொடுத்த விலை இன்னும் பெரிது. கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பட்டமும் பெறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதினார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்த பிறகே முழுநேரமும் கணிதத்துக்கு உரியதாயிற்று.

காலம் கடந்தபின் கற்றவரும் உண்டு. எறும்புகளை ஆராய்ந்த எட்வர்ட் வில்சன், ஹார்வர்டு பேராசிரியரான பிறகு, 32-ஆம் வயதில் மாணவர்களோடு அமர்ந்து நுண்கணிதம் பயின்றார்.

வணிகவியல் படித்த எமக்கு இவற்றில் ஒரு வரவு செலவுக் கணக்கு தெரிகிறது. பிடித்த பாடம் முதலீடு. பிடிக்காத பாடம் தவணை. தவணை தவறினால் முதலீடும் முடங்கும். பொதுவாகக் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்துவது, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்குகிறது. அதைச் செலுத்தப்போவது பிள்ளையின் உழைப்பு. எனவே, விண்ணப்பத்தை நிரப்புமுன் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எவரும் சொல்லாமலே நீ விரும்பிப் படிப்பது எது? பிடிக்காத பாடத்தில் தேறுவதற்கு உனக்கு என்ன உதவி தேவை? முதல் விடை பிரிவைத் தேர்ந்தெடுக்க உதவும். இரண்டாவது, அப்பிரிவில் நிலைத்து நிற்க உதவும்.